குறை பொறுக்கும் ஸ்பீக்கர் எது?

மதிப்பிற்குரிய வாசகருக்கு வணக்கம்.

உங்கள் நீண்ட கடிதத்தின் சாரத்தை மற்றவர்களுக்காக முதலில் சுருக்கித் தந்துவிடுகிறேன். ஏழு ஆண்டுகளுக்கு முன் மிகுந்த ஆசையோடும் கணிசமான செலவோடும் நீங்கள் வாங்கிய, உச்ச ஒலிகளைத் தரும் உலோக டோம் (குவிமாட வடிவ) ட்வீட்டரும் தாழ்ந்த ஒலிகளைத் தரும் 6.5 அங்குல வூஃபர்கள் இரண்டும் கொண்ட, தரையில் நிற்கும் ஸ்பீக்கர் ஜோடி ஒன்று உங்களிடம் இருக்கிறது. நன்றாகப் பதிவு செய்யப்பட்ட இருபது முப்பது ஆல்பங்கள் அதில் பிரமாதமாக ஒலிக்கின்றன. ஆனால் உங்கள் தொகுப்பின் பெரும்பகுதியான பழைய ஒலிப்பதிவுகளையும், 1990-களின் பிற்பகுதிக்குப் பின் உரக்க மாஸ்டர் செய்யப்பட்டு, அதாவது வெளியீட்டுக்கு முந்தைய இறுதிக் கட்டத்தில் உரப்பு மிகவும் உயர்த்தப்பட்டு வந்த பதிவுகளையும் அரை மணி நேரத்துக்கு மேல் கேட்க முடியவில்லை. "எனக்குப் பிடித்த பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டு, ஸ்பீக்கருக்குப் பிடித்த பாட்டைக் கேட்கத் தொடங்கிவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அறை 5 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உடையது. தரையில் டைல்ஸ், இடப்பக்கச் சுவரில் பெரிய கண்ணாடி ஜன்னல், எட்டு ஓம்ஸில் 80 வாட் தரும் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர். துணி டோம் ட்வீட்டர் உள்ள உயர்ரக ஸ்பீக்கருக்கு மாறலாமா, அல்லது டிரான்சிஸ்டருக்குப் பதில் வெற்றிடக் குழாய்களால் இயங்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்றை வாங்கினாலே போதுமா, மாறுவதானால் இப்போதுள்ளதை விற்றுவிடலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

ஸ்பீக்கர்களை அளப்பதும், அவற்றை அறைக்குள் பொருத்திச் சரிசெய்வதும் என் தொழில் என்பதால், உங்கள் நிலையில் இருப்பவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: பதிவின் குறையைப் பெரிதுபடுத்திக் காட்டாத, குறை பொறுக்கும் ஸ்பீக்கர் வேண்டும். அந்தச் சொல்லை எப்படிப் பொருள் கொள்கிறோம் என்பதில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள். டிரெபிளை, அதாவது உச்ச ஒலிகளை, மழுங்கடித்து, எல்லாப் பதிவுகளின் மீதும் ஒரு கம்பளியைப் போர்த்தியதுபோல் ஒலிக்கும் ஸ்பீக்கரைக் குறை பொறுப்பது என்று விற்கிறார்கள். அது மோசமான பதிவைக் காப்பாற்றுவதும் இல்லை, நல்ல பதிவை நன்றாக விடுவதும் இல்லை. ஆறு மாதத்தில் அலுத்துவிடும். உண்மையில் குறை பொறுக்கும் ஸ்பீக்கர் என்பது, பதிவில் ஏற்கெனவே இருக்கும் கூர்மையோடு தன் பங்குக்கு எதையும் சேர்க்காதது. பதிவு மூன்று பங்கு காரம் என்றால் அது மூன்று பங்கே கேட்க வேண்டும். உங்கள் அறையில் அது ஐந்து பங்காகக் கேட்கிறது. மிச்சமுள்ள இரண்டு பங்கு எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்காமல் ஸ்பீக்கரை மாற்றினால், புதியதிலும் அதே இரண்டு பங்கு வந்து சேர வாய்ப்புண்டு.

தொல்லை பெரும்பாலும் 2 கிலோஹெர்ட்ஸுக்கும் 5 கிலோஹெர்ட்ஸுக்கும் இடைப்பட்ட பகுதியில் நடக்கிறது. காதின் துளை ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளமுள்ள, ஒரு முனை மூடிய குழாய். அப்படிப்பட்ட குழாய் 3 கிலோஹெர்ட்ஸை ஒட்டி இயல்பாகவே ஒத்ததிர்ந்து அந்தப் பகுதியை நமக்குக் கூட்டிக் காட்டும். ஃபிளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933-இல் வெளியிட்ட, ஒவ்வோர் அதிர்வெண்ணும் ஒரே உரப்பாகக் கேட்க எவ்வளவு ஒலி வேண்டும் என்று காட்டும் சமஉரப்பு வளைகோடுகளில் காது மிகக் கூர்மையாக இருக்கும் பள்ளமும் இங்கேதான் விழுகிறது. இன்னொரு பக்கம், சிறிய ரேடியோவிலும் கையடக்கப் பிளேயரிலும் பாடகரின் சொற்கள் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதற்காகப் பல பழைய பதிவுகளில் இதே பகுதி உயர்த்தப்பட்டிருக்கும். உரக்க மாஸ்டர் செய்யப்பட்ட பிற்காலப் பதிவுகளில் அலையின் உச்சிகள் வெட்டப்பட்டிருப்பதால், அந்த வெட்டில் பிறக்கும் ஹார்மானிக்குகளில் (மூல அதிர்வெண்ணின் மடங்குகளில்) கணிசமான பங்கும் இங்கே வந்து குவியும். ஆக, காது மிக நுட்பமாகக் கேட்கும் இடமும் பதிவுகள் மிக அதிகமாகத் தவறு செய்யும் இடமும் ஒன்றாக இருக்கின்றன. ஸ்பீக்கரும் அதே இடத்தில் ஓர் இரண்டு டெசிபலைக் கூட்டினால், பாடகரின் குரல் தொண்டையிலிருந்து வருவதற்குப் பதிலாகப் பல்லிலிருந்து வருவதுபோல் தோன்றும்.

இதை ஒருமுறை என் பணியறையில் மிகத் தெளிவாகப் பார்த்தேன். உங்களுடையதைப் போன்றே 6.5 அங்குல வூஃபரும் ஓர் அங்குல டோமும் கொண்ட ஸ்பீக்கர் ஒன்றை, "மிகவும் கத்துகிறது" என்ற புகாரோடு ஒருவர் கொண்டுவந்திருந்தார். அதைச் சுழலும் மேடையில் ஏற்றி, மைக்கை நேர் எதிரே வைத்து அளந்தபோது கோடு மேசை விளிம்புபோல் நேராக இருந்தது; குறை சொல்ல ஒன்றுமில்லை. மேடையை 15 பாகை, 30 பாகை என்று திருப்பத் திருப்ப, 2 கிலோஹெர்ட்ஸை ஒட்டிக் கோடு மெல்லச் சரிந்து, 3 கிலோஹெர்ட்ஸைத் தாண்டியதும் மீண்டும் எழும்பியது. 45 பாகையில் அங்கே ஒரு தெளிவான மேடு நின்றது. காரணம் எளிது. 3 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் சுமார் 11.4 சென்டிமீட்டர், வூஃபரின் கூம்பு அதைவிட அகலம். தன் அகலம் அலைநீளத்தை நெருங்கும்போது எந்தக் கூம்பும் ஒலியைப் பக்கவாட்டில் பரப்பாமல் டார்ச் விளக்குபோல் முன்னோக்கிக் குவிக்கத் தொடங்கும். ஒலியை வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்துத் தரும் கிராஸ்ஓவர் என்ற மின்சுற்று அந்த இடத்தில் வேலையை ட்வீட்டரிடம் ஒப்படைக்கிறது. இரண்டரை சென்டிமீட்டரே அகலமுள்ள ட்வீட்டரோ அதே அதிர்வெண்ணை அறை முழுவதும் தாராளமாக வீசுகிறது. நேரே உட்கார்ந்திருப்பவர் காதுக்கு இரண்டும் சமம்; பக்கச் சுவர்களுக்குப் போய்த் திரும்பி வரும் ஒலியில் மட்டும் 3 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை கூடுதலாக இருக்கும். அந்தச் சுவர் கண்ணாடியாக இருந்தால் அந்தக் கூடுதல் அப்படியே உங்களிடம் வந்து சேரும்.

ஆகவே உலோக டோம் என்பதாலேயே கூர்மை என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் பாதிதான் ஒப்புக்கொள்வேன். நல்ல அலுமினிய டோமின் சொந்த அதிர்வு பெரும்பாலும் 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேயே நிற்கிறது. அதை நேரடியாகக் கேட்க நமக்குக் காது இல்லை. துணி டோமிலும் கத்தும் ஸ்பீக்கர்களை அளந்திருக்கிறேன். உலோக டோமில் மணிக்கணக்காகக் கேட்கக்கூடிய ஸ்பீக்கர்களும் இருக்கின்றன. உலோகத்தைச் சந்தேகிப்பதானால் ட்வீட்டரைவிட வூஃபரின் கூம்பை முதலில் சந்தேகிப்பேன். 6.5 அங்குல உலோகக் கூம்பு தன் வரம்புக்குள் கல்போல் உறுதியாக இயங்கினாலும், ஏறக்குறைய 5 கிலோஹெர்ட்ஸில் மணிபோல் ஒலிக்கும் ஓர் உச்சம் அதற்கு இருக்கக்கூடும். கிராஸ்ஓவர் அந்த உச்சத்தை அடக்கியிருக்கும் என்றாலும், 1.7 கிலோஹெர்ட்ஸ் சுரத்தை வாசிக்கும்போது வூஃபர் தானே உண்டாக்கும் மூன்றாம் ஹார்மானிக் சரியாக அந்த 5 கிலோஹெர்ட்ஸில் போய் விழும். அது கிராஸ்ஓவரைத் தாண்டிப் பிறப்பதால் கிராஸ்ஓவரால் தடுக்க முடியாது. காகிதம், பாலிபுரோப்பிலீன் போன்ற, உள்ளேயே அதிர்வைத் தின்றுவிடும் கூம்புகளுக்கு இந்த இடத்தில் ஓர் இயல்பான நன்மை உண்டு.

இனி உங்கள் அறைக்கு வருகிறேன். இதைப் பற்றி நீங்கள் இரண்டே வரிகள் எழுதியிருக்கிறீர்கள். என் பார்வையில் பாதிச் சிக்கல் இந்த இரண்டு வரிகளில்தான் இருக்கிறது. ஒலி நின்ற பின்னும் அறையில் அது எவ்வளவு நேரம் தங்குகிறது என்பதைக் கணக்கிடும் சூத்திரத்தை வாலஸ் சபைன் என்ற ஹார்வர்டு இயற்பியலாளர் நூற்றாண்டுக்கு முன்பே தந்துவிட்டார். எதிரொலித்த ஒரு விரிவுரைக் கூடத்தைச் சரிசெய்யப் பணிக்கப்பட்ட அவர், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவுகளில் சுமந்துவந்து அடுக்கி, மெத்தை ஒன்றுக்கு ஒலி எவ்வளவு சீக்கிரம் அடங்குகிறது என்று நிறுத்துக் கடிகாரத்தால் அளந்தார். அவருடைய சூத்திரத்தில் உங்கள் அறையைப் போட்டுப் பார்ப்போம். கன அளவு 60 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 94 சதுர மீட்டர். பூச்சுச் சுவரும் டைல்ஸும் கண்ணாடியும் சராசரியாக நூற்றுக்கு ஐந்து பங்கு ஒலியையே உறிஞ்சும் என்று கொண்டால், வெறும் அறையில் ஒலி 60 டெசிபல் அடங்க இரண்டு விநாடி ஆகும். சோபாவும் புத்தக அலமாரியும் அதைக் குறைக்கும் என்றாலும், வீட்டு இசைக்கு ஏற்ற அரை விநாடி அளவுக்கு நிச்சயமாகக் கொண்டுவந்திருக்காது. அறையின் நடுவில் நின்று ஒருமுறை ஓங்கிக் கைதட்டிப் பாருங்கள். தட்டலுக்குப் பின்னால் கம்பியைச் சுண்டியதுபோல் ஒரு 'டிர்ர்' கேட்டால், எதிரெதிரான இரண்டு வெற்றுச் சுவர்கள் ஒலியைப் பந்தாடுகின்றன என்று பொருள். ஒவ்வொரு 'ஸ'கரத்துக்கும் 'ச'கரத்துக்கும் அந்த வால் ஒட்டிக்கொண்டுதான் உங்களிடம் வருகிறது.

நீங்கள் வழக்கமான இருக்கையில் அமர்ந்துகொண்டு, வேறொருவரை ஒரு சிறு கண்ணாடியைப் பக்கச் சுவரில் ஒட்டினாற்போல் நகர்த்தச் சொல்லுங்கள். எந்த இடத்தில் ட்வீட்டர் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறதோ, அந்த இடத்தில்தான் முதல் எதிரொலிப்பு பிறக்கிறது. இடப்பக்கத்தில் அது ஜன்னல் மீதே விழும் என்று உங்கள் வரைபடத்திலிருந்து ஊகிக்கிறேன். அங்கே கனமான, நிறைய மடிப்புள்ள திரையைத் தொங்கவிடுங்கள்; வலப்பக்கத்தில் பத்து சென்டிமீட்டர் தடிமனுள்ள உறிஞ்சு பலகை ஒன்றோ, ஆழமாகப் புத்தகங்கள் அடுக்கிய அலமாரியோ போதும். ஸ்பீக்கர்களுக்கும் உங்களுக்கும் இடையே தரையில் தடித்த கம்பளம் அவசியம். எல்லாச் சுவர்களையும் மெல்லிய ஃபோமால் மூடிவிட வேண்டாம். மெல்லிய பொருள்கள் உச்ச அதிர்வெண்களை மட்டும் உறிஞ்சிவிட்டு 500 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியை அப்படியே விட்டுவிடுவதால், அறை இருண்டும் குழம்பியும் ஒலிக்கும். கூர்மை போய்விட்டதுபோல் தோன்றினாலும் களைப்பு போகாது.

ஸ்பீக்கர்கள் பின்சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் உள்ளன என்று நீங்கள் எழுதவில்லை. இது டிரெபிளோடு தொடர்பில்லாத செய்திபோல் தோன்றும். ஆனால் தொடர்பு உண்டு. வூஃபர் பின்சுவரிலிருந்து 60 சென்டிமீட்டரில் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 143 ஹெர்ட்ஸை ஒட்டி நேரடி ஒலியை எதிர்த்து அழிக்கும். ஆண் குரலின் உடலும் செல்லோவின் நெஞ்சும் இருக்கும் பகுதி அது. உடல் மெலிந்தால் எலும்பு துருத்தித் தெரிவதுபோல, அந்தப் பகுதி குறையும்போது மேலே எதுவும் கூடாமலேயே குரல் கூர்மையாகிவிடும். ஸ்பீக்கரை முன்னும் பின்னும் பத்துப் பத்து சென்டிமீட்டராக நகர்த்தி, நன்கு அறிந்த ஓர் ஆண் குரலைக் கேட்டுப் பாருங்கள். அது மார்பிலிருந்து வருவதாக உணரும் இடத்தில் நிறுத்துங்கள். அதன்பின் இப்போது உங்கள் காதை நேராகக் குறிவைத்திருக்கும் ஸ்பீக்கர்களைச் சற்று வெளியே திருப்பி, அவற்றின் நேர்கோடுகள் உங்கள் தோள்களுக்கு வெளியே போகுமாறு செய்யுங்கள். பெரும்பாலான டோம்கள் இந்தக் கோணத்தில் உச்சத்தில் ஒன்றிரண்டு டெசிபல் இறங்கும். பக்கச் சுவரைச் சரிசெய்யாமல் இதைச் செய்தால் கண்ணாடி அதிக ஒலியை வாங்கிக்கொள்ளும் என்பதால் வரிசையை மாற்ற வேண்டாம்.

இவ்வளவும் செய்த பின் இரண்டு வாரம் கேளுங்கள். தொல்லை பாதிக்கு மேல் குறைந்தால், வேறு வகையான ஸ்பீக்கரைத் தேட வேண்டியிருக்கலாம், அல்லது தேடவே வேண்டாமலும் போகலாம். குறையவே இல்லையென்றால் மட்டுமே ஸ்பீக்கர் மீது முழுப் பழியையும் போட எனக்கு மனம் வரும்.

ஆம்ப்ளிஃபயரைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன். உங்கள் ஸ்பீக்கரின் உணர்திறன், அதாவது ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் அது தரும் உரப்பு, 86 டெசிபல் என்று எழுதியிருக்கிறீர்கள். மூன்று மீட்டர் தூரத்தில் உச்சங்கள் 95 டெசிபலை எட்ட, இரண்டு ஸ்பீக்கர்களையும் அறையின் உதவியையும் கணக்கில் கொண்டால், ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 25 வாட் போதும்; உங்களுடையது 80 தருகிறது. வழக்கமான உரப்பில் அது திணறவில்லை. வால்வு ஆம்ப்ளிஃபயர் இனிமையாக்கும் என்ற நம்பிக்கைக்கு வருவோம். பின்னூட்டம் இல்லாத வால்வு ஆம்ப்ளிஃபயரின் வெளியீட்டு மின்னெதிர்ப்பு இரண்டு ஓம்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஸ்பீக்கரின் மின்னெதிர்ப்பு ஓரிடத்தில் 4 ஓம்ஸாகவும் கிராஸ்ஓவரை ஒட்டி 20 ஓம்ஸாகவும் இருந்தால், இரண்டாவது இடம் முதலாவதைவிட ஏறக்குறைய 2.7 டெசிபல் உயர்ந்துவிடும். அந்த 20 ஓம்ஸ் மேடு 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் நின்றால், இனிமையைத் தேடிப் போய் இன்னும் கூர்மையை வாங்கிவந்தவராவீர்கள். ஸ்பீக்கரின் மின்னெதிர்ப்பு வரைபடத்தைப் பார்க்காமல் வால்வு வாங்குவது சீட்டுக் குலுக்கிப் போடுவதற்கு ஒப்பாகும். ஆகவே இந்தக் கேள்விக்கு என் பதில்: வேண்டாம்.

இனி உண்மையிலேயே ஸ்பீக்கரை மாற்றுவது என்றால் எதைத் தேடுவது என்று பார்ப்போம்.

விலை உயர உயரப் பொறுமையும் உயரும் என்று எண்ண வேண்டாம். உயர்ரக ஸ்பீக்கர்களில் ஒரு பகுதி, காட்சியறையில் பத்தே நிமிடத்தில் வாடிக்கையாளரை மயக்குவதற்காகவே உச்சத்தில் சற்றுத் தூக்கி வடிவமைக்கப்படுகிறது. கேட்டவுடன் "இதுவரை கேட்காததெல்லாம் கேட்கிறதே" என்று தோன்றும். எவ்வளவு விலை கொடுத்தாலும் பதிவில் இல்லாத செய்தியை ஸ்பீக்கர் தராது. இருப்பதில் ஒரு பகுதியை முன்னால் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலாவதாக நான் பார்க்கச் சொல்வது, பக்கவாட்டு ஒலியையும் சேர்த்துக் காட்டும் அளவீடுகளை. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் ஃபிளாய்ட் டூல் 1980-களில் நடத்திய, ஸ்பீக்கரைத் திரைக்குப் பின்னால் மறைத்துக் கேட்கவைக்கும் சோதனைகளிலும், பின்னர் ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவோடு சேர்ந்து அவர் தொடர்ந்த ஆய்வுகளிலும் ஒரு செய்தி மீண்டும் மீண்டும் வந்தது: நேரெதிரில் கோடு சமமாகவும், பக்கவாட்டில் அது மேடு பள்ளமின்றிச் சீராக இறங்குவதாகவும் இருக்கும் ஸ்பீக்கரையே பெரும்பாலோர் விரும்புகிறார்கள். சி.இ.ஏ. 2034 என்ற தரமுறைப்படி வெளியிடப்படும் வரைபடத்தில் இவ்விரண்டையும் ஒரே பார்வையில் காணலாம். அதில் 2 முதல் 5 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள பக்கவாட்டுக் கோட்டை மட்டும் விரலால் தடவிக்கொண்டு போங்கள். அங்கே திமில்போல் ஒன்று எழுந்தால், உங்களுடையதைப் போன்ற கண்ணாடி அறைக்கு அந்த ஸ்பீக்கர் ஆகாது. ட்வீட்டரை ஆழமற்ற குழிவுக்குள், அதாவது வேவ்கைடுக்குள் அமைத்து அதன் பரவலை வூஃபரோடு பொருத்தியவையும், கெஃப் நிறுவனம் 1988 முதல் செய்துவரும் யூனி-க்யூ, டானாய் 1940-களிலிருந்து செய்துவரும் டூயல் கான்சென்ட்ரிக் போல ட்வீட்டரை வூஃபரின் மையத்திலேயே வைத்தவையும் இந்தத் தேர்வில் தேற அதிக வாய்ப்புடையவை. தேறிவிடும் என்று அமைப்பை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம், வரைபடத்தைப் பாருங்கள்.

இரண்டாவது மரபு பி.பி.சி.யின் பொறியாளர்கள் வளர்த்தது. ஒலிபரப்பு வேனுக்குள் மணிக்கணக்காக உட்கார்ந்து பேச்சைக் கவனிக்க வேண்டியவர்களுக்காக 1970-களில் அவர்கள் உருவாக்கிய எல்.எஸ்.3/5ஏ என்ற சிறு பெட்டியை இன்றும் பலர் தேடிப்பிடித்து வாங்குகிறார்கள். இயல்பான பேச்சுக்குரல் இயல்பாகக் கேட்க வேண்டும் என்பதே அந்த மரபின் முதல் அளவுகோல். தடித்த பெட்டிக்குப் பதில் மெல்லிய ஒட்டுப்பலகைச் சுவர்களுக்கு உள்ளே அதிர்வு தணிக்கும் பொருளை ஒட்டி, பெட்டியின் முனகலைக் காது அதிகம் பொருட்படுத்தாத தாழ்ந்த பகுதிக்குத் தள்ளுவது அவர்களுடைய வழி. அந்தத் துறையிலிருந்து வந்த டட்லி ஹார்வுட் தொடங்கிய ஹார்பெத், ஸ்பென்சர் ஹியூஸ் தம் பெயரையும் மனைவி டோரதியின் பெயரையும் இணைத்துத் தொடங்கிய ஸ்பெண்டர், பி.பி.சி. வடிவங்களை உரிமம் பெற்றுச் செய்யும் கிரஹாம் ஆகியவை இன்றும் அந்த வழியில் ஸ்பீக்கர் செய்கின்றன. இந்த வகை ஸ்பீக்கர்கள் சிலவற்றில் 1 முதல் 4 கிலோஹெர்ட்ஸ் வரை மிக மென்மையான ஒரு பள்ளம் இருக்கும். பாடகர் ஓரடி பின்னால் தள்ளி நிற்பதுபோல் தோன்றும். கண்டிப்பாகப் பார்த்தால் அது ஒரு நிறமேற்றல்தான். ஆனால் உங்களைப் போல மோசமான பதிவுகளையே அதிகம் நேசிப்பவருக்கு அது நியாயமான சமரசம் என்பது என் கருத்து. பழைய மோனோ பதிவுகளை இவற்றில் கேட்கும்போது தட்டின் கீறல் ஒலிகூட குரலிலிருந்து விலகித் தனியே நிற்கும். குரலைப் பின்தொடர்வது எளிதாகிவிடும். இவற்றிடம் எதிர்பார்க்கக் கூடாதது, அறையையே உலுக்கும் பாஸும் கச்சேரி மேடை உரப்பும். உங்கள் அறையின் அளவுக்கு எட்டு அங்குல வூஃபர் உள்ள ஹார்பெத்தின் சி7 அல்லது கிரஹாமின் எல்.எஸ்.5/9 அளவிலானவை பொருத்தம், எல்.எஸ்.3/5ஏ சிறியது, ஹார்பெத்தின் 40 வரிசை பெரியது. இவையெல்லாம் ஸ்டாண்டு மேல் வைக்க வேண்டியவை என்பதையும், அந்த ஸ்டாண்டின் உயரம் ட்வீட்டரைக் காது மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

மூன்றாவதாக, பீட்டர் வாக்கர் 1957-இல் அறிமுகப்படுத்திய, கூம்புக்குப் பதில் மெல்லிய படலத்தை மின்புலத்தால் அசைக்கும் குவாட் எலக்ட்ரோஸ்டாட்டிக் வழியில் வந்த தட்டையான பலகை ஸ்பீக்கர்கள். 8 என்ற எண்ணின் வடிவில் முன்னும் பின்னும் மட்டுமே ஒலித்து, பக்கவாட்டில் ஏறக்குறைய ஊமையாக இருப்பதால் உங்கள் கண்ணாடி ஜன்னலை அவை அதிகம் சீண்டாது. ஆனால் பின்சுவரிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் அவற்றுக்கு இடம் விட வேண்டும். நான்கு மீட்டர் அகல அறையில் வீட்டார் அதற்குச் சம்மதிப்பார்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தேர்ந்தெடுத்த இரண்டு மூன்றைக் கேட்கப் போகும்போது, அங்கே போடும் வட்டுகளைக் கேட்காதீர்கள். உங்களை வீட்டில் எழுந்து ஓடவைத்த ஐந்து பதிவுகளை எடுத்துச் செல்லுங்கள்: உச்சஸ்தாயியில் பித்தளைபோல் ஒலிக்கும் ஒரு பெண் குரல், கூட்டு வயலின்கள், உரத்து மாஸ்டர் செய்யப்பட்ட ஒரு பாட்டு, சிம்பல் தொடர்ந்து தெறிக்கும் ஒன்று, ஒரு மோனோ பதிவு. ஆறாவதாக, எந்த ஸ்பீக்கரிலும் நன்றாக ஒலிக்கும் ஒரு சிறந்த பதிவும் வேண்டும். அதில் சிம்பலின் மேல் குச்சி படும் 'டிக்' ஒலியும் அதன்பின் விரியும் 'ஷ்' ஒலியும் பிரிந்து கேட்கவில்லையென்றால், அந்த ஸ்பீக்கர் பொறுமையாக இருப்பதாக எண்ண வேண்டாம், மழுங்கியிருக்கிறது. ஒப்பிடும் ஸ்பீக்கர்களின் உரப்பை அரை டெசிபலுக்குள் சமப்படுத்தச் சொல்லுங்கள். கைபேசியில் உள்ள ஒலியளவுச் செயலியே இதற்குப் போதும். உரப்புச் சற்றே கூடிய ஸ்பீக்கர் எப்போதும் சிறந்ததாகத் தோன்றும் என்பது எனக்கும் முப்பது ஆண்டுகளாகப் பழகாத ஏமாற்றம். ஒவ்வொன்றையும் முக்கால் மணி நேரமாவது கேளுங்கள். முதல் பத்து நிமிடத்தில் குறிப்பு எழுதுவதை விட்டுவிட்டு, நாற்பதாவது நிமிடத்தில் ரிமோட்டின் மேல் கை தானாகப் போய் உரப்பைக் குறைக்கிறதா, அடுத்த பாட்டுக்குத் தாவுகிறதா என்று மட்டும் கவனியுங்கள். கேட்பவர் தம்மை அறியாமல் காட்டும் இந்தக் கை அசைவைவிட நம்பகமான அளவீட்டுக் கருவியை நான் கண்டதில்லை. இயலுமானால் வாங்குவதற்கு முன் ஒரு வாரம் உங்கள் அறையிலேயே வைத்துக் கேட்க அனுமதி பெறுங்கள்.

இன்னொன்று, சிலருக்கு இது மதவிரோதமாகத் தோன்றலாம். டோன் கண்ட்ரோலைப் பயன்படுத்துவதில் எந்த இழுக்கும் இல்லை. குவாட் 34 என்ற பழைய முன்பெருக்கியில், பாஸும் டிரெபிளும் தராசுத் தட்டுபோல் எதிரெதிராகச் சற்றுச் சாயும் ஒரு திருகு இருந்தது. மோசமான பதிவு வந்தால் ஒரு படி சாய்த்துவிட்டு, அடுத்த இசைத்தட்டுக்கு மீண்டும் நிமிர்த்திவிடலாம். இன்றைய டிஜிட்டல் பிளேயர்களில் பலவற்றிலும் இதே வேலையைச் செய்யும் ஈக்வலைசர் இருக்கிறது. 3 கிலோஹெர்ட்ஸை மையமாக வைத்து அகன்ற வளைவில் ஒன்றரை டெசிபல் குறைத்து, அதை ஓர் அமைப்பாகச் சேமித்து வைத்துக்கொண்டு, பழைய பதிவுகளுக்கு மட்டும் போட்டுப் பாருங்கள். எண்ணிக்கையில் அற்பமாகத் தெரிந்தாலும், அகன்ற பகுதியில் ஒரு டெசிபல் மாற்றத்தைக் காது தெளிவாக உணரும். ஸ்பீக்கரோ நிரந்தரமாக ஒரே குணத்தோடு இருக்கும். உங்கள் தொகுப்பு அப்படி இல்லை. வெட்டுப்பட்ட அலைகளின் கரகரப்பை மட்டும் ஈக்வலைசராலும் முழுமையாக நீக்க முடியாது. அத்தகைய ஆல்பங்களுக்கு உரக்க மாஸ்டர் செய்யப்படாத பழைய பதிப்பு ஏதேனும் கிடைக்கிறதா என்று தேடுவதே வழி.

பழைய ஸ்பீக்கர்களை விற்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அறையைச் சரிசெய்து, இரண்டு வாரம் கேட்டு, அதன்பிறகும் புதியவை வாங்குவதென்று முடிவானால், புதியவை வந்த பின்னும் ஒரு மாதம் பழையவற்றை ஒரு மூலையில், முன்பக்கத்தைச் சுவரை நோக்கித் திருப்பி வைத்திருங்கள். புதியவற்றின் மென்மை பழகிய பின், ஒரு ஞாயிற்றுக்கிழமை மீண்டும் பழையவற்றை இணைத்து, முதலில் அந்த ஐந்து மோசமான பதிவுகளையும் பின் உங்களுடைய இருபது முப்பது நல்ல ஆல்பங்களில் இரண்டையும் கேளுங்கள். நல்ல ஆல்பங்களை மட்டும் கேட்கும்போது பழையவற்றை விடவே மனம் வராது என்று முன்கூட்டியே எச்சரிக்கிறேன். அந்த ஐந்தையும் முழுதாகக் கேட்டு முடித்தீர்களா இல்லையா என்பதை வைத்தே விற்பதை முடிவு செய்யுங்கள்.

அன்புடன்.